நீர்நாய் சொன்ன தீர்ப்பு

காட்டுக்கு நடுவே ஓர் ஏரி இருந்தது. நெடுமடு என்று பெயர். கெண்டை, கெளுத்தி, விரால் என்று மீனுக்குப் பஞ்சமே கிடையாது. கரையில் ஒரு நீர்மருத மரம். அதன் வேருக்கடியில் வளை தோண்டிக் குடியிருந்தது ஒரு நீர்நாய்க் குடும்பம். அப்பா துழாவன், அம்மா கெண்டைச்சி, மூன்று குட்டிகள்.

துழாவனுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. தண்ணீரை மோந்து பார்த்தே, "அந்தக் கல்லுக்கடியில விரால் படுத்திருக்கு" என்று சொல்லிவிடுவான். சொன்ன இடத்தில் விரால் இருக்கும்.

ஆனால் அவனிடம் ஒரு பலவீனம் இருந்தது. யாராவது வந்து அவன் கருத்தைக் கேட்டுவிட்டால் போதும், ஆள் அப்படியே குளிர்ந்துபோவான். "உங்க மூக்குக்குத்தான் இது தெரியும்" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால், பிடித்த மீனைக்கூடக் கீழே போட்டுவிட்டு ஓடுவான். கெண்டைச்சி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஏரிக்குக் கிழக்கே ஒரு மேடு. மேட்டின் மேல் உப்புப்பாறை. காட்டு மிருகங்களுக்கு உப்பென்றால் உயிர். அவ்வப்போது போய் நாக்கு ஆற நக்கிவிட்டு வரும். யானைகள் நடந்து நடந்து போட்ட தடம் ஒன்று ஏரிக்கரையிலிருந்து நேரே பாறைக்குப் போகும். எல்லோரும் அதில் நடந்துதான் போய்வந்தார்கள். நீர்நாய்களுக்கு மட்டும் உப்பு தேவைப்படவில்லை, மீனே போதும். அதனால் துழாவன் அந்தத் தடத்தில் கால் வைத்ததே இல்லை.

ஒரு நாள் நரியின் காலில் முள் குத்திவிட்டது.

"ஐயோ, நடக்க முடியலையே! உப்புக்கு நாக்கு ஏங்குதே!" என்று கரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தது.

அங்கே இருந்த கூழைக்கடாப் பறவைக்கு இரக்கம் வந்தது. "சும்மா அழாதே. என் முதுகுல ஏறிக்கோ, கொண்டுபோய் விடறேன்" என்றது.

நரி ஏறியது. காற்று முகத்தில் அடித்தது. கீழே மான்களும் பன்றிகளும் எறும்பு மாதிரி ஊர்ந்தன. நரிக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்துப்போயிற்று.

முள்ளை மறுநாளே எடுத்தாயிற்று. நரி மட்டும் அதற்கப்புறம் நடக்கவே இல்லை.

"கால்தான் சரியாயிடுச்சே?" என்று கேட்டது முயல்.

"பறந்து பழகினவன் இனிமே புழுதியில நடக்கிறதா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க!" என்றது நரி.

முயலுக்கும் ஆசை வந்துவிட்டது. அது ஒரு நாரையைப் பிடித்துக்கொண்டது. கீரி சும்மா இருக்குமா? மேற்கு மலையிலிருந்து ஒரு பெரிய கழுகையே வரவழைத்தது. ஒரு முதுகில் ஒருவர்தான். "கூட இன்னொருத்தர் ஏறினா என்ன?" என்று அணில் கேட்டதற்கு, "அப்புறம் எனக்கென்ன மதிப்பு?" என்று கீரி முறைத்தது.

பறவைகள் கூலி எதுவும் கேட்கவில்லை. "ஏரி நிறைய மீன் கிடக்குது, எங்களுக்கு அது போதும்" என்றன. ஏறினவர்களுக்கும் ஒரு செலவும் இல்லை. அந்த மீன் யாருடைய சாப்பாடு என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

சுமை தூக்கிப் பறந்தால் பசிக்கும். பறவைகள் கிளம்பும் முன் தின்றன, வந்து இறங்கியதும் தின்றன. அதோடு போயிற்றா? உப்புப்பாறையில் வெயில் கொளுத்தும். அங்கே காத்திருக்கப் பறவைகளுக்கு மனமில்லை. ஆளை இறக்கிவிட்டு வெறும் முதுகோடு ஏரிக்குத் திரும்பும். பிறகு கூட்டிவர மறுபடி வெறும் முதுகோடு போகும். முயல் ஒரு தடவை உப்பு நக்குவதற்கு நாரை இரண்டு தடவை போய்வந்தது.

தின்றது வெளியே வந்துதானே ஆகவேண்டும்? எச்சம் மழையாகக் கொட்டியது. ஏரித் திட்டில் இருந்த கருவேல மரங்கள் வெள்ளையடித்த மாதிரி நின்றன. பிறகு இலை கருகி உதிர்ந்தது. தண்ணீரில் பச்சைப் பாசி படர்ந்து நாற்றமெடுத்தது.

ஒரு காலை நேரம். கெண்டைச்சி குட்டிகளை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள். மேலே கூழைக்கடா நரியோடு பறந்தது. பொத்தென்று ஒன்று மூத்த குட்டியின் தலையில் விழுந்து காதுவரைக்கும் வழிந்தது.

கெண்டைச்சிக்கு வந்ததே ஆத்திரம்! "என்னங்க! இன்னும் படுத்துக்கிட்டுத்தான் இருக்கீங்களா? கடைக்குட்டிக்கு உடம்பெல்லாம் சொறி. முங்கினா கண்ணு தெரியலை, தண்ணி அவ்வளவு கலங்கிக் கிடக்கு. நேத்து ஒரு கெண்டைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போய் அந்த நரிகிட்ட நிறுத்தச் சொல்லுங்க!"

"நிறுத்தச் சொல்றேன் பாரு! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டுத்தான் வருவேன்!" என்று மீசையைச் சிலிர்த்துக்கொண்டு கிளம்பினான் துழாவன்.

ஆலமரத்தடியில் நரி இருந்தது. கீரியும் முயலும் கூட இருந்தன. துழாவன் போன வேகத்தைப் பார்த்ததுமே நரிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நரியாரே! இந்தப் பறக்கிற கூத்தை இன்னையோட நிறுத்தணும்! ஏரி நாறுது!" என்றான் துழாவன்.

"வாங்கண்ணே, வாங்க! நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றது நரி. "நிறுத்திடலாம். ஆனா யாரை நிறுத்துறது? கூழைக்கடா அளவுக்கா கழுகு திங்குது? கழுகும் நாரையும் ஒண்ணா? எல்லாரையும் ஒரே தட்டுல வைக்கிறது நியாயமா அண்ணே?"

துழாவன் யோசித்தான். நியாயம் மாதிரித்தான் இருந்தது.

"ஒப்பிட்டுப் பார்க்கணும்" என்றது நரி. "யார் எவ்வளவு திங்கிறாங்க, யார் எவ்வளவு எச்சம் போடுறாங்க, எல்லாத்தையும் அளக்கணும். அதுக்கு இந்தக் காட்டுல யாருக்கு மூக்கு இருக்கு? உங்களை விட்டா வேற ஆள் ஏது!"

"அதுவும் சரிதான்" என்றது கீரி.

"நீங்கதான் நடுவரா இருக்கணும்" என்றது முயல்.

துழாவனின் மீசை மெல்லப் படிந்தது. மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. திட்ட வந்தவன், "எப்போ வெச்சுக்கலாம்?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினான்.

"நிறுத்தச் சொல்லிட்டீங்களா?" என்றாள் கெண்டைச்சி.

"அவசரப்படாதே. இது நுணுக்கமான விஷயம். ஒப்பிட்டுப் பார்க்கணும். என்னை நடுவரா போட்டிருக்காங்க!"

"யார் ஜெயிச்சா நம்ம தண்ணி தெளியும்?"

"அது வேற, இது வேற. உனக்குச் சொன்னாப் புரியாது" என்றான் துழாவன். கெண்டைச்சி கடைக்குட்டியின் சொறியை நக்கிவிட்டாள்.

போட்டி நாளன்று காடே திரண்டுவந்தது. மூன்று பறவைகளும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வாலுக்கடியிலும் தேக்கிலையைத் தொன்னையாகத் தைத்துக் கட்டியிருந்தார்கள், எச்சம் சிந்தாமல் இருக்க. முன்னால் மீன் குவியல்கள். அந்த மீனை ஏரியிலிருந்து பிடித்துக்கொடுத்தது யார்? நம்ம நடுவர்தான்! தன் குட்டிகளுக்குக் கொடுத்திருந்தால் பத்து நாளைக்கு வந்திருக்கும். அந்த நினைப்பே அன்று அவனுக்கு வரவில்லை.

பறவைகள் கிளம்பத் தயாரானபோது காட்டுப்பன்றி ஒன்று தன் குட்டிகளோடு யானைத்தடத்தில் வந்தது. உப்புப்பாறைக்கு நடந்து போகிறதாம்.

"ஏய், ஒதுங்கு, ஒதுங்கு! இங்கே போட்டி நடக்குது, தெரியலை?" என்று நரி விரட்டியது.

"ஓரமாப் போப்பா" என்று நடுவரும் கையை ஆட்டினான். பன்றி ஓரமாகப் போயிற்று.

கூழைக்கடா நரியோடும், நாரை முயலோடும், கழுகு கீரியோடும் பறந்தன. போய் இறக்கிவிட்டுத் திரும்பின. மறுபடி போய்க் கூட்டிவந்தன. துழாவன் மிச்ச மீனைப் பார்த்தான். தொன்னைகளை மோந்து மோந்து பார்த்தான். மூக்கைச் சுளிக்கக்கூட இல்லை, அவ்வளவு கடமை உணர்ச்சி!

கூழைக்கடாவின் முன்னால் இருந்த குவியல் காணாமலே போயிருந்தது. நாரை பாதியைத் தின்றிருந்தது. கழுகு காற்றில் இறக்கையை விரித்து மிதந்தே போய்வருமாம், அது இரண்டே இரண்டு விராலைத்தான் தொட்டிருந்தது.

தீர்ப்பு சொல்ல வாயெடுத்தான் துழாவன். அதற்குள் ஆரம்பித்தது வழக்கு.

"இது அநியாயம்!" என்றது கூழைக்கடா. "என் முதுகு எவ்வளவு அகலம்! நாலு பேர் உட்காரலாம். நான் தின்னதை நாலாப் பங்குபோட்டுப் பாருங்க. நான்தான் குறைவு!"

"நாலு பேர் எங்கே உட்கார்ந்தாங்க? நரி ஒருத்தர்தானே வந்தார்?" என்றது நாரை.

"உட்காரலாம்னு சொன்னேன். உட்கார்ந்தாங்கன்னு சொன்னேனா?"

"என் கதையைக் கேளுங்க" என்றது நாரை. "இந்த முயல் இருக்கே, தின்னு தின்னு கொழுத்துக் கிடக்கு! கனமான ஆளைத் தூக்கினா கூடத்தான் பசிக்கும். அதைக் கழிச்சுக்கணும்."

"யாரைக் கொழுத்துக் கிடக்குன்னு சொன்னே?" என்று முயல் பாய்ந்தது.

"திரும்பி வர்றப்போ எங்க முதுகு வெறுமையாத்தானே இருக்கு? வெறும் முதுகோட பறந்தது எப்படிப் பயணமாகும்? அதுக்குத் தின்ன மீனைச் சேர்க்கவே கூடாது!" என்றது கழுகு.

"ஆமாமா, சேர்க்கக் கூடாது!" என்று மூன்று பறவைகளும் அதில் மட்டும் ஒன்றுகூடிக் கத்தின.

துழாவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எவ்வளவு நுணுக்கம்! எவ்வளவு ஆழம்! ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி யோசித்தான். "வெறும் முதுகு கணக்கில் இல்லை, அது நியாயம்தான்" என்றான். "கனத்துக்குக் கொஞ்சம் கழிக்கலாம்" என்றான். இப்படியே நேரம் போயிற்று. இதற்கிடையில் காட்டுப்பன்றி உப்பு நக்கிவிட்டு, மூக்கில் உப்புப் பூத்தபடி, குட்டிகளோடு அதே வழியில் வீடு திரும்பியது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் துழாவன் பாறை மேல் ஏறி நின்றான். தொண்டையைக் கனைத்தான்.

"எப்படிப் பார்த்தாலும் கழுகே குறைவு!"

காடு அதிர்ந்தது. கழுகின் கழுத்தில் தாமரை மாலை விழுந்தது. கூழைக்கடாவும் நாரையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டன.

"அண்ணே, நடுவருக்கும் ஒரு மரியாதை செய்ய வேண்டாமா? ஏறுங்க!" என்றது நரி.

துழாவன் கழுகின் மேல் ஏறினான். கழுகு ஏரிக்கு மேலேயே ஒரு வட்டம் அடித்தது. அம்மாடி, என்ன உயரம்! அங்கேயிருந்து நெடுமடுவைப் பார்த்தான். பாசி பிடித்த தண்ணீர் பச்சைப் பட்டை விரித்தது போல் அழகாக இருந்தது. மேலே நாற்றமும் இல்லை. "கெண்டைச்சி வீணாப் பயப்படுறா" என்று நினைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து காட்டில் ஒரு புதுப்பேச்சு கிளம்பியது. "கழுகுல போனா தப்பில்லை. நீர்நாயாரே சொல்லிட்டார்!"

அதுவரை கூச்சப்பட்டு நடந்துகொண்டிருந்த முள்ளம்பன்றி கழுகு தேடியது. மரநாய் தேடியது. உடும்பு தேடியது. ஒரு கழுகு எப்படிப் போதும்? மேற்கு மலையிலிருந்து கழுகின் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லோரும் வந்து இறங்கினார்கள். முயல் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போயிற்று. "குறைவுதானே, ரெண்டு தடவை போனா என்ன?" என்றது. கீரி ஒரு நாள் பாறையில் தன் இலந்தைப்பழத்தை மறந்து வைத்துவிட்டு வந்து, அதை எடுத்துவர மட்டும் ஒரு கழுகை அனுப்பியது. தோற்றுப்போன கூழைக்கடாவும் நாரையும் மட்டும் நின்றுவிட்டனவா? அதுவும் இல்லை. "நாங்களும் இப்போ முந்தி மாதிரி இல்லை, கொஞ்சமாத்தான் திங்கிறோம்" என்று சொல்லி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன.

கோடை வந்தது. தண்ணீர் இறங்கியது. ஒரு விடியலில் மீன்களெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கொஞ்ச நஞ்சம் பிழைத்ததைக் கழுகுகள் கொத்திக்கொண்டு போயின. கடைக்குட்டிக்கு அழக்கூடத் தெம்பில்லை. கெண்டைச்சி சேற்றைக் கிளறிக் கிளறி இரண்டு நண்டு கொண்டுவந்தாள். மூன்று குட்டிகளுக்கு இரண்டு நண்டு.

துழாவன் கழுகிடம் ஓடினான்.

"இப்படித் தின்னா எப்படிய்யா? ஏரியே காலியாயிடுச்சே!"

கழுகு ஆச்சரியமாகப் பார்த்தது. "நடுவர் ஐயா, நான் குறைவாத்தானே திங்கிறேன்? நீங்களே சொன்னீங்களே!"

"கூழைக்கடாவை விடக் குறைவுன்னு சொன்னேன்!"

"அதைத்தான் நானும் சொல்றேன். இப்பவும் கூழைக்கடாவை விடக் குறைவாத்தான் திங்கிறேன். வேணும்னா தொன்னை கட்டிப் பாருங்க!"

துழாவன் நரியின் பக்கம் திரும்பினான். 

"அண்ணே, உங்க தீர்ப்பை நீங்களே குறை சொன்னா நாலு பேர் சிரிப்பாங்க" என்றது நரி. அது அப்போதுதான் கூழைக்கடாவிலிருந்து கழுகுக்கு மாறியிருந்தது.

இரண்டு நாளில் பறவைகள் மூட்டை கட்டின. உப்புப்பாறைக்கு அந்தப்பக்கம் தாழைக்குளம் என்று ஒரு பெரிய குளம் இருக்கிறதாம். அங்கே மீன் துள்ளுகிறதாம். நரி, கீரி, முயல் எல்லோரும் அவரவர் பறவை மேல் ஏறிக்கொண்டார்கள்.

துழாவன் கழுகின் முன்னால் போய் நின்றான். இந்தத் தடவை மீசை சிலிர்க்கவில்லை. "ஐயா, எங்களைக் கூட்டிப்போக வேண்டாம். இந்த மூணு குட்டியை மட்டும் தூக்கிட்டுப் போங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

"அதுக்கென்ன, தாராளமா!" என்றது கழுகு. "கிளம்புறதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு விரால் மட்டும் கொடுத்துடுங்க. அளவு உங்களுக்கே தெரியுமே."

"விராலுக்கு எங்கே போவேன்? ஏரியில ஒண்ணுகூட இல்லையே!"

"வெறும் வயித்தோட எப்படிப் பறக்கிறது? சொல்லுங்க" என்றது கழுகு. இறக்கையை விரித்தது. நரி மேலேயிருந்து, "வர்றேன் அண்ணே!" என்று வாலை ஆட்டியது. பறவைகள் போய்விட்டன. கடைசி எச்சம் துழாவனின் தோளில் விழுந்தது.

அவன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிங்க. நடப்போம்" என்றாள் கெண்டைச்சி.

"நடக்கிறதா? உப்புப்பாறை எவ்வளவு தூரம் தெரியுமா? அத்தனை பேரும் பறந்தே போற தூரம்! குட்டிங்க வழியிலேயே செத்துடும்!"

"இங்கே இருந்தா மட்டும் பிழைச்சுடுமா?"

கடைக்குட்டியை அவள் வாயில் கவ்விக்கொண்டாள். மற்ற இரண்டும் பின்னால் வந்தன. விடிந்ததும் யானைத்தடத்தில் இறங்கினார்கள். நீர்நாய்க்குத் தண்ணீரில் நீந்தத்தான் பழக்கம். கல் குத்தியது, பாதம் வெடித்தது. துழாவன் ஒவ்வொரு வளைவிலும், "இன்னும் எவ்வளவு தூரமோ" என்று நடுங்கிக்கொண்டே போனான். ஓரிடத்தில் நிழலில் படுத்தார்கள். ஒரு மேடு ஏறினார்கள். முன்னால் வெள்ளையாக ஒரு பாறை நின்றது. காட்டுப்பன்றி அதை நக்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன இடம்?" என்றான் துழாவன்.

"உப்புப்பாறைதான். வேற என்ன?" என்றது பன்றி.

துழாவன் அண்ணாந்து பார்த்தான். வெயில் இன்னும் உச்சிக்குக்கூட வரவில்லை. திரும்பிப் பார்த்தான். நெடுமடு கீழே கண்ணுக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. பட்டை உதிர்ந்த வெள்ளை மரங்கள், காய்ந்த சேறு, நடுவே ஒரு பச்சைக் குட்டை.

"இவ்வளவுதானா? இந்தத் தூரத்துக்கா?" என்றான். அன்றைக்குப் போட்டி நடந்தபோது இதே பன்றி போய்த் திரும்பிவந்தது இப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. தன் கையாலேயே அதை ஓரமாகப் போகச் சொன்னதும் வந்தது. பாறையில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

கெண்டைச்சிக்கும் அவன் மேல் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் சொன்னது இவ்வளவுதான். "அழுறதை அப்புறம் அழுதுக்கலாம். குட்டிங்க பசியோட இருக்கு."

உச்சி வெயில் சாயும் நேரத்தில் தாழைக்குளம் வந்தது. தெளிந்த தண்ணீர். கரையில் பெருங்கூட்டம். நடுவில் நின்று நரி பேசிக்கொண்டிருந்தது. மூன்று பறவைகள் வரிசையில் நின்றன. வாலுக்கடியில் தொன்னை!

"அடடே, வந்துட்டாரு பாருங்க!" என்று நரி குதித்தது. "நான் சொன்ன நடுவர் இவர்தான்! இவர் மூக்குக்கு ஈடே கிடையாது. யார் குறைவுன்னு இவர் வாயாலேயே கேளுங்க!"

கூட்டம் வழிவிட்டது. குளத்துக்குப் பெரியவர் ஓர் ஆமை. அது கழுத்தை நீட்டி, "சொல்லுங்க ஐயா. நீங்க சொன்னா நாங்க கேட்டுக்கிறோம்" என்றது.

துழாவனின் மனசுக்குள் அதே குறுகுறுப்பு! பாழாய்ப்போன குறுகுறுப்பு, இத்தனைக்குப் பிறகும் சாகவில்லை.

நரி காதருகே வந்தது. "அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்க. தினமும் உங்க குட்டிங்களுக்கு ஆளுக்கொரு மீன். இப்போதே தரச் சொல்றேன்." கழுகின் காலடியில் விரால்கள் துடித்துக்கொண்டிருந்தன. கடைக்குட்டி அவற்றையே வெறித்துப் பார்த்தது.

துழாவன் குட்டியைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற மூத்த குட்டியின் பாதத்தைப் பார்த்தான். வெடித்து, ரத்தம் காய்ந்து, புழுதி ஒட்டியிருந்தது.

"ஒப்பிடுறேன்" என்றான். நரி பல்லைக் காட்டியது. "ஆனா போட்டியில இன்னொருத்தரையும் சேர்க்கணும்."

மூத்த குட்டியைத் தூக்கி எல்லோர் முன்னாலும் நிறுத்தினான். "இவன் இன்னைக்கு விடியக்காலை நெடுமடுவுல கிளம்பி, உப்புப்பாறையைத் தாண்டி இங்கே வந்திருக்கான். வழியில உங்க குளத்து மீன் எத்தனை தின்னான்? ஒண்ணுகூட இல்லை. வந்த வழியெல்லாம் போய்ப் பாருங்க, எச்சம் கிடக்குதான்னு."

"நடக்கிறதையும் பறக்கிறதையும் எப்படி ஒப்பிடுறது? விதிமுறையிலேயே இடமில்லை!" என்று கத்தியது கூழைக்கடா.

"அதை ஒப்பிடாமத்தான் நான் ஒரு ஏரியைக் கொன்னுட்டேன்" என்றான் துழாவன்.



"உப்புப்பாறை அவ்வளவு கிட்டவா இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டது ஆமை.

"நாளைக்கு வாங்க, காட்டுறேன். அங்கேயிருந்து எங்க ஏரியும் தெரியும். அதையும் பார்த்துட்டு வந்து முடிவு பண்ணுங்க."

மறுநாள் தாழைக்குளத்து மிருகங்கள் நடந்து போய்ப் பார்த்தன. ஆமை மட்டும் போகவில்லை, போனவர்களின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டது. அன்று சாயங்காலமே கூடி முடிவெடுத்தார்கள். காலில் அடிபட்டவர்கள் பறக்கலாம். நடக்க முடியாத கிழவர்கள் பறக்கலாம், அதுவும் முதுகு நிறைய ஆள் சேர்ந்த பிறகு. மற்றவர்கள் நடக்க வேண்டியதுதான்.

நரி சட்டென்று உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கியது. "ஐயோ! முள்ளு! முள்ளு குத்திடுச்சு!"

"அப்படியா? எங்கே காட்டு" என்று ஆமை கிட்டே வந்தது. சுற்றி நின்றவர்களும் குனிந்து பார்த்தார்கள். நரி காலை மெதுவாகக் கீழே வைத்தது. பிறகு உப்புப்பாறைக்குப் போகும் வழியில், யாரையும் பார்க்காமல், நடக்க ஆரம்பித்தது.

துழாவன் குளத்தில் முங்கி ஒரு சின்னக் கெண்டையோடு எழுந்தான். அதைக் கடைக்குட்டியின் முன்னால் வைத்தான். குட்டி தின்றது. நெடுமடுவில் மறுபடி மீன் துள்ள எத்தனை மழை ஆயிற்றோ, துழாவன் இருந்தவரைக்கும் துள்ளவில்லை.

கெடுப்பவர்களுக்குள் யார் குறைவாகக் கெடுக்கிறார் என்று பரிசு கொடுப்பதை விட்டுவிட்டு, கெடுக்காமலே செய்ய வழி உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.